டேபரின் 0.2: ஒரு மதிப்பீடு

உலோகங்களின் கடினத்தன்மை குறித்து டேவிட் டேபர் 1951-இல் வெளியிட்ட நூலை எடை போடும்போது, அதன் இரண்டு முடிவுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும். உலோகத்தில் அழுத்தும் கடினமான குண்டு நன்றாகப் பதிந்தபின் சராசரித் தொடு அழுத்தம் உலோகத்தின் நெகிழ்வுத் தகைவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பது முதல் முடிவு. இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் முன்பே இருந்தது. திரிபு கூடக்கூடக் கடினமாகும் உலோகத்தில் எந்தத் திரிபுக்குரிய தகைவை எடுப்பது என்பதற்கான விடை இரண்டாவது. பதிவின் விட்டத்தைக் குண்டின் விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அந்தத் திரிபு கிடைக்கும் என்றார் டேபர்.

இதைப் பெற்ற முறை எளிமையானது, நேர்மையானது. செம்பிலும் மென் எஃகிலும் குண்டை அழுத்தினார். பள்ளத்தின் விளிம்பில் சிறிய விக்கர்ஸ் பதிவால் கடினத்தன்மையை அளந்தார். முன்கூட்டியே தெரிந்த அளவு திரிபூட்டிய மாதிரிகளோடு அதை ஒப்பிட்டார். பள்ளத்தின் அடியில் திரிபு இடத்துக்கு இடம் மாறுகிறது. அதை ஒரே எண்ணில் அடக்குவது அனுபவ விதிதானே தவிர வருவிப்பு அல்ல. ஆனாலும், சுமைக்கும் பதிவின் விட்டத்துக்கும் இடையே 1908-இல் மேயர் கண்ட அடுக்கெண் இதிலிருந்து தானாக விளைகிறது: உலோகத்தின் கடினமாதல் அடுக்கெண்ணோடு இரண்டைக் கூட்டினால் போதும். முன்பே கடினமான உலோகத்துக்கு மேயர் அடுக்கெண் 2-ஐ ஒட்டியும், சூடாக்கி மெதுவாக ஆறவிட்ட உலோகத்துக்கு 2.5-ஐ ஒட்டியும் அமைவதன் காரணம் இங்கே துலங்குகிறது. நாற்பதாண்டுப் பழைய அளவீட்டுக்கு விளக்கம் தரும் விதியை வெறும் பொருத்தம் என்று ஒதுக்க முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. குண்டு சிதையாது என்ற எடுகோள், கடினமாதல் தீவிரமாக உள்ள இடத்தில்தான் முதலில் ஆட்டம் காண்கிறது. மெல்லிய பொருளின் நெகிழ்வுத் தகைவு 100 மெகாபாஸ்கல் என்று கொள்வோம். தொடு அழுத்தம் 300-ஐ எட்டும். கோளத் தொடுகையில் சராசரி அழுத்தம் நெகிழ்வுத் தகைவின் 1.1 மடங்கை எட்டும்போது மேற்பரப்புக்குக் கீழே நெகிழ்வு தொடங்குகிறது. ஆகவே எதிரே அழுத்தும் குண்டுக்கு, அதாவது எதிர்ப்பொருளுக்கு, ஏறத்தாழ 273 மெகாபாஸ்கல் வலு இருந்தால் அது தப்பிக்கும். மெல்லிய பொருளே அழுந்தும் போக்கில் 200-க்கு இறுகிவிட்டால் அழுத்தம் 600 ஆகும். தப்பிக்க 545 வேண்டும். தொடக்கத்தில் சிதையாதிருந்த பொருள், சுமை ஏறியபின் தானும் சிதையத் தொடங்குகிறது. உருத்திரிபை யார் எவ்வளவு ஏற்பது என்ற பங்கீடே சுமையோடு மாறுகிறது. ஒரு பொருளின் திரிபை மட்டும் கணக்கிடும் 0.2 இதைக் காட்டாது.

நடைமுறை இந்த எல்லையை ஒப்புக்கொண்டுவிட்டது. பிரினெல் 1900-இல் அறிமுகப்படுத்திய சோதனையில் எஃகுக் குண்டு இருந்தது. கடின எஃகின்மேல் அதுவே தட்டையாகும். இன்றைய ஐ.எஸ்.ஓ. 6506 டங்ஸ்டன் கார்பைடு குண்டை மட்டுமே ஏற்கிறது. இது சோதனையைக் காப்பாற்றுகிறது. இரு பொருளும் சிதையும் தொடுகைக்கு விடை தரவில்லை.

அந்த விடையை நோக்கி 1997-இல் ஸ்டோரோக்கர்ஸும் உடனாய்வாளர்களும் தந்த ஒப்புமைக் கோட்பாடு கணித ஒழுங்கில் டேபரை விஞ்சுகிறது. ஆனால் இரு பொருளுக்கும் கடினமாதல் அடுக்கெண் ஒன்றே என்று அது கேட்கிறது. செம்பும் எஃகும் சந்திக்கும் இடத்தில் அந்த நிபந்தனை நிற்பதில்லை. வெவ்வேறு அடுக்கெண்களுக்கு எண்முறைக் கணிப்பு வழிவிடுகிறது. அங்கே துல்லியம் கூடுகிறது, பொதுமை குறைகிறது.

தீர்ப்பு இதுதான். எதிர்ப்பொருள் சிதையாது என்பது உறுதியாக இருக்கும்வரை டேபரின் விதி அளவீட்டுக் கருவியாக நம்பத்தக்கது. அந்த உறுதியை மெல்லிய பொருளின் தொடக்க நிலை வலுவை வைத்து அல்ல, இறுகியபின் உள்ள வலுவை வைத்தே சோதிக்க வேண்டும். இச்சோதனை இல்லாமல் இரு உலோகத் தொடுகைக்கு 0.2-ஐப் பொருத்தும் ஆய்வு, எத்தனை நேர்த்தியான வளைகோட்டைக் காட்டினாலும், முறையில் தேறாது.