தீமையிலிருந்து காக்கும் ஞானம்: நீதிமொழிகள் நூலும் நடுநாட்டு வாசிப்பும்

முன்னுரை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம் பல அறநெறிகள் சந்திக்கும் நிலமாகும். திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ஆற்காடு மிஷன் திண்டிவனத்தில் பணியாற்றியது. கத்தோலிக்கர் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தின்கீழ் உள்ளனர். இச்சூழலில் விவிலியத்தின் நீதிமொழிகள் நூல் தனித்து வாசிக்கப்படுவதில்லை. குறளும் நாலடியாரும் அறிந்த செவிகளிலேயே அது விழுகிறது. தீயோரின் கவர்ச்சியிலிருந்து ஞானம் மனிதனைக் காக்கும் என்னும் அந்நூலின் கருத்து இங்கு எவ்வாறு பொருள்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காவலாகும் அறிவு

நீதிமொழிகள் 2ஆம் அதிகாரத்தில் விவேகம் காவலாளியாக நிற்கிறது. கோணல் வழியில் நடப்போரிடமிருந்தும் இச்சகம் பேசும் அயலவளிடமிருந்தும் கேட்பவனை மீட்கிறது. 4ஆம் அதிகாரம் அக்காவலை உள்ளத்திலேயே நிறுத்துகிறது. அறிவுடைமை அதிகாரத்தில் வள்ளுவரும் அறிவைப் பகைவரால் தகர்க்க இயலாத அரணாகக் காண்கிறார். சிற்றினம் சேராமையில் நிலத்தால் திரியும் நீரை அவர் உவமையாக்க, நாலடியாரின் நல்லினம் சேர்தலில் ஊர்ச் சாக்கடை நீர் பெருநீரைச் சேர்ந்து தீர்த்தமாகிறது. முன்னது சேர்க்கையால் வரும் கேட்டையும், பின்னது சேர்க்கையால் வரும் மேன்மையையும் சுட்டுகின்றன. ஞானியரோடு நடப்பவன் ஞானியாவான் என்னும் 13ஆம் அதிகாரக் கருத்து இவற்றோடு இயல்பாகப் பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த மாற்றம்

எபிரேய மூலத்தில் ஞானத்தைக் குறிக்கும் சொல் பெண்பால். 9ஆம் அதிகாரத்தில் ஞானம், மதியீனம் ஆகிய இரு பெண்கள் விருந்துக்கு அழைக்கின்றனர். பவர் குழுவின் வழிவந்த பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலோ ஞானம் அஃறிணையாகி நிற்க, மதியீனம் மட்டும் ‘ஸ்திரீ’யாகவே தொடர்கிறது. 7ஆம் அதிகாரத்தில் ஞானத்தைச் சகோதரி என அழைக்கும் இடம் மூலத்தின் பெண்மையை ஓரளவு காத்துள்ளது. எனினும் ‘பரஸ்திரீ’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருவதால், காக்கும் ஆற்றல் பாலற்றதாகவும் கெடுக்கும் ஆற்றல் பெண்ணாகவும் வாசகர் உள்ளத்தில் பதிகின்றன. இது மொழிபெயர்ப்பாளரின் உள்நோக்கம் அன்று. தமிழ்த் திணை இலக்கணத்தின் விளைவு. ஆயினும் தீமை என்றவுடன் பெண்ணை நினைக்கும் வாசிப்புக்கு அது இடமளிக்கிறது.

மறக்கப்பட்ட முதல் எச்சரிக்கை

நூலின் முதல் எச்சரிக்கை பெண்ணைப் பற்றியது அன்று. 1ஆம் அதிகாரத்தில் இளைஞனை அழைப்போர், பிறர் இரத்தத்தில் ஆதாயம் தேடி ஒரே பணப்பையைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டத்தார். அவர்களின் பொருளாசையே உயிரைப் பறிக்கிறது என்பது அப்பகுதியின் முடிவு. 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. இத்தகைய நிகழ்வுகளில் 23ஆம் அதிகாரத்தின் மது எச்சரிக்கையையோ குறளின் கள்ளுண்ணாமையையோ மட்டும் எடுத்துரைப்பது, பழி முழுவதையும் குடித்தவர்மீதே சுமத்திவிடும். விற்று ஆதாயம் கண்டவரை 1ஆம் அதிகாரமே அடையாளம் காட்டுகிறது. மேலும் 31ஆம் அதிகாரம் வாயில்லாதவருக்காக வாய் திறக்குமாறு அரசனைப் பணிக்கிறது. எனவே காவல் என்பது தனிமனித உள்ளத்தோடு நின்றுவிடுவது அன்று. ஆள்வோரின் கடமையும் ஆகும்.

முடிவுரை

நீதிமொழிகள் கூறும் பாதுகாப்பு உலகத்திலிருந்து விலகி ஒளிவதன்று. அழைக்கும் குரல்களுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது. இக்கூறு தமிழ் அறநூல்களோடு அதனை இணைக்கிறது. பெண்ணுருவில் மட்டும் தீமையைத் தேடும் வாசிப்பு, ஆதாயத்தின் உருவில் வரும் தீமையைக் காணத் தவறுகிறது. முதல் அதிகாரத்திலிருந்து நூலை மீண்டும் வாசிப்பதே அக்குறையை நீக்கும் வழியாகும்.