பதிப்பக அறிக்கையும் பாயிர மரபும்

நூல் ஒன்று வெளிவருவதற்கு முன்னர்ச் சிறு பதிப்பகத்தார் விடுக்கும் அறிக்கைகளும், ஆசிரியரை முன்னிறுத்தி அவர்கள் கூட்டும் அவைகளும் இலக்கிய ஆய்வுக்கு உரியனவா என்னும் வினா நம்மிடையே போதிய அளவில் எண்ணப்பெறவில்லை. நூலே ஆய்வுப்பொருள், அதனைச் சூழ்ந்த தாள்கள் வாணிகத்தின்பாற்பட்டன என்று கருதி அவற்றை ஒதுக்குவார் பலர். நூலகங்களிற் புத்தகத்திற்குக் கட்டடம் செய்யுங்கால் மேலுறை கழிக்கப்பெறுகின்றது. உள்ளே செருகியிருந்த அறிவிப்புத் தாள் உதிர்ந்து மறைகின்றது. மற்றொரு புறம், வெளியீட்டு விழாவிற் கூறப்பெற்ற பாராட்டுரைகளைத் திறனாய்வு முடிபுகளாகவே எடுத்தாளும் ஆய்வேடுகளையும் காண்கின்றோம். முன்னது புறக்கணிப்பு, பின்னது அளவிறந்த நம்பிக்கை. இரண்டிற்கும் காரணம் ஒன்றே. இவ்வறிக்கைகளும் அவைகளும் எவ்வகையைச் சார்ந்தன என்பது தெளியப்பெறவில்லை. அவை பாயிரத்தின் வகையைச் சார்ந்தன என்பதும், பாயிரத்திற்குரிய மதிப்பையே அவற்றிற்கு அளித்தல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துக்களாம்.

பாயிரத்தின் கூறுகள்

பாயிரம் இல்லாதது நூலாகாது என்னும் அளவிற்கு அதனைப் போற்றியவர் பவணந்தி முனிவர். சிறப்புப்பாயிரம் கூறவேண்டியவற்றை அவர் வரையறுத்துள்ளார். நூலைச் செய்தவன் பெயர், அது வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன எட்டு. காலம், அரங்கேறிய களம், இயற்றப்பட்ட காரணம் என்னும் மூன்றையும் கூட்டிப் பதினொன்று என்பாரும் உண்டு. இவற்றைப் புலமை நயம் கருதி அமைத்த அலங்காரம் என்று கொள்ளுதல் பொருந்தாது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் செய்த பாயிரம் இல்லையாயின், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னர் அரங்கேறியது என்னும் செய்தியை நாம் அறிதற்கு வழியில்லை. நூலின் வரலாறு நூலுக்கு வெளியே நின்றவர் ஒருவர் எழுதிய சில அடிகளிலேயே தங்கியிருக்கின்றது.

பாயிரம் சான்றோர் செய்வது. அறிக்கையோ விற்பவர் செய்வது. இரண்டும் ஒன்றாதல் எங்ஙனம் எனின், அதற்கும் நன்னூலில் விடையுண்டு. சிறப்புப்பாயிரம் செய்தற்குரியார் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகியோர் என்று வரையறுத்த பவணந்தியார், தற்புகழ்ச்சியை விலக்கினார். எனினும் நான்கு இடங்களில் அதற்கு இசைவளித்தார். அரசனது அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடத்தும், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய பொழுதிலும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம். பெரும் பொருளும் கடைகளும் இல்லாத சிறு பதிப்பகத்தின் நிலை இவற்றுள் இரண்டாவதாகும். சிலபோது நான்காவதும் உடன் சேரும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த சான்று ஒன்றை இனி விரிவாக நோக்குவோம்.

1921ஆம் ஆண்டின் அறிக்கை

அமெரிக்கப் பெண்மணியாகிய சில்வியா பீச் 1919 நவம்பரில் பாரிசு நகரில் ஆங்கில நூல்களை விற்கவும் இரவலாக வழங்கவும் ‘ஷேக்ஸ்பியர் அண்டு கம்பெனி’ என்னும் சிறு கடையைத் தொடங்கினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய யுலிசிஸ் என்னும் புதினம் 1918 முதல் 1920 வரை ‘லிட்டில் ரிவ்யூ’ என்னும் அமெரிக்க இதழிற் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1921 பிப்ரவரியில் நியூயார்க்கு நீதிமன்றம் அவ்விதழின் ஆசிரியர் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. அதன்பின் அந்நூலை வெளியிட ஆங்கில நாட்டிலோ அமெரிக்காவிலோ எவரும் துணியாத நிலையில், பதிப்புத்தொழிலிற் பயிற்சியே இல்லாத பீச் அதனை ஏற்றார்.

அவர் அச்சிட்டு விடுத்த அறிக்கை சிறியது. அதில் 1,000 படிகளே அச்சாகும் என்பதும், அவை மூவகைப்படும் என்பதும் கூறப்பெற்றன. உயர்ந்த தாளில் ஆசிரியர் கையொப்பமிட்ட 100 படிகள் 350 பிராங்கு; அடுத்த தரத்தன 150 படிகள் 250 பிராங்கு; எஞ்சிய 750 படிகள் 150 பிராங்கு. இதழில் வெளிவந்தபோது நான்கு முறை தடுக்கப்பெற்ற நூல் இப்போது எழுதியவாறே முழுமையாக வெளிவரும் என்பதும் அதில் இடம்பெற்றது. ஏறத்தாழ 600 பக்கங்கள், 1921ஆம் ஆண்டின் இலையுதிர் காலம் என்னும் குறிப்புக்களும், திறனாய்வாளர் சிலரின் கூற்றுப் பகுதிகளும் உடன் இருந்தன.

இதனைப் பாயிரக் கூறுகளோடு பொருத்திக் காண்போம். ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் வெளிப்படை. காலமும் களமும் சொல்லப்பெற்றன. தடை பற்றிய குறிப்பு, நூல் இவ்விடத்திலிருந்து இவ்வடிவில் வருதற்குரிய காரணமாகும். அது மாற்றான் பழித்தபோது எழுந்த தற்புகழ்ச்சியுமாம். எல்லை என்னும் கூறு இங்குத் தலைகீழாக நிற்கின்றது. வேங்கடமும் குமரியும் நூல் வழங்கும் நிலத்தைக் குறித்தன. இவ்வறிக்கையோ நூல் வழங்கமுடியாத நிலத்தை உணர்த்தியது. அமெரிக்க நீதிமன்றம் 1933 டிசம்பரில் தடையை நீக்கிய பின்னரே அவ்வெல்லை மாறியது. இங்கிலாந்திற் பதிப்பு வெளிவர 1936 வரை காத்திருக்க நேர்ந்தது.

பழைய பாயிரம் அறியாத புதுக்கூறு ஒன்றும் இதில் உண்டு. அது விலை. பொதுப்பாயிரத்திற் கொள்வோன் என்னும் சொல் பாடம் கேட்கும் மாணாக்கனைக் குறிக்கும். இவ்வறிக்கையிற் கொள்வோன் விலைகொடுத்துக் கொள்வோனாகின்றான். ஒரே சொல்லின் இருபொருள்களுக்கு இடையே உள்ள தொலைவுதான் ஓலைக்காலத்திற்கும் அச்சுக்காலத்திற்கும் இடையே உள்ள தொலைவு. ஆயினும் விலைகொடுப்போன் கேட்போனாதலும் கூடும் என்பதற்குச் சான்றுண்டு. அறிக்கையைப் பெற்ற பெர்னார்டு ஷா, இதழில் வந்த பகுதிகளைத் தாம் படித்ததைக் குறிப்பிட்டு, அவை அருவருப்பான வாழ்வொன்றை உள்ளவாறே காட்டுகின்றன என்று ஒப்புக்கொண்டும், நூலை வாங்க மறுத்தும் மடல் எழுதினார். மறுப்பாக வந்த அம்மடல் நூலைப் பற்றிய திறனாய்வுக் கருத்தொன்றைத் தாங்கி வந்தது.

அறிக்கையின் பிழையும் ஆய்வாளர்க்குப் பயன்படுகின்றது. நூல் குறித்த பருவத்தில் வரவில்லை. 1922 பிப்ரவரி 2ஆம் நாள், ஆசிரியரின் நாற்பதாம் பிறந்த நாளன்று வெளிவந்தது. பக்கங்கள் 600 அல்ல, 732. அறிக்கை விடுத்த காலத்தில் நூலின் இறுதி இயல்கள் முடிவுறவில்லை. முன்னைய இயல்களிலும் அச்சுத் திருத்தத் தாள்களில் ஜாய்ஸ் பெருவாரியாகச் சேர்த்து எழுதினார். ஆகவே அறிக்கையின் எண்ணும் நூலின் எண்ணும் முரணும் இடத்தில், ஒரு படைப்பு வளர்ந்த வரலாறு நமக்குக் கிடைக்கின்றது. அறிக்கையை வாணிகத்தாள் என எறிந்துவிட்டால் இவ்வொப்பீடு இயலாது.

அவையும் அதன் விளைவும்

நூல் வெளிவருமுன், 1921 டிசம்பர் 7ஆம் நாள், பீச்சின் தோழியாகிய அத்ரியென் மொன்னியே என்பாரது புத்தகக் கடையில் ஓர் அவை கூடியது. பிரெஞ்சு எழுத்தாளர் வலேரி லார்போ நூலைப் பற்றி உரையாற்றினார். சில பகுதிகள் படிக்கப்பெற்றன. ஜாய்ஸ் மறைவிடத்தில் அமர்ந்து கேட்டார். இதனை அரங்கேற்றம் என்று கூறுதல் தகும். லார்போவும் தகுதி வாய்ந்த உரைகாரன் என்னும் இலக்கணத்திற்கு முற்றும் பொருந்துவார்.

ஹோமர் பாடிய ஒடிசியின் நிகழ்ச்சிகளுக்கும் யுலிசிஸின் பதினெட்டு இயல்களுக்கும் உள்ள ஒப்புமையைக் காட்டும் வரைவொன்றை ஜாய்ஸே லார்போவிடம் அளித்திருந்தார். அவ்வொப்புமையை லார்போ அவையில் எடுத்துரைத்தார். அஃதாவது, பாயிரக் கூறுகளுள் வழி என்பதை நிறைவு செய்தது அவ்வுரை. இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அச்சான நூலில் இயல்களுக்குத் தலைப்பே இல்லை. மூன்று பெரும் பிரிவுகளுக்கு எண்கள் மட்டுமே உண்டு. எனினும் இன்று அந்நூலைக் கற்பிப்போரும் கற்போரும் ஒவ்வோர் இயலையும் ஹோமர் வழிப் பெயராலேயே சுட்டுகின்றனர். நூலில் இல்லாத பெயர்கள், நூலுக்குப் புறத்தே ஆசிரியர் தந்த குறிப்பிலிருந்து வந்து, நூலைப் படிக்கும் முறையையே ஆட்கொண்டுவிட்டன.

இஃது ஏற்புடையதா என்னும் வினா அன்றே எழுந்தது. எஸ்ரா பவுண்டு 1922இல் இவ்வொப்புமைகள் கட்டடம் எழுப்புதற்கு நட்ட சாரம் போல்வன, அவை ஆசிரியரது சொந்தக் காரியம் என்ற கருத்தை வெளியிட்டார். டி. எஸ். எலியட்டு 1923இல் எழுதிய கட்டுரையில் அதற்கு மாறாக, ஒப்புமையே நூலின் உயிர்நிலையான முறை என்று வாதிட்டார். அங்ஙனம் லார்போவின் கொள்கையோடு பெரிதும் ஒத்துச்சென்ற எலியட்டே, லார்போவின் உரை பயனுடையது எனினும் அது முன்னுரையின் பாற்பட்டதேயன்றித் திறனாய்வு அன்று என்னும் கருத்தை அதே கட்டுரையிற் குறித்திருப்பது நம் கருத்திற்கு அரணாகின்றது. நம் வழக்கிற் கூறின், அது பாயிரம், ஆராய்ச்சி அன்று. பாயிரம் கூறியதை நூலுட் சென்று பொருத்திக் கண்டு, ஏற்பதும் மறுப்பதும் ஆராய்ச்சியின் கடமை. எலியட்டும் பவுண்டும் வெவ்வேறு முடிபுகளுக்கு வந்தனர் எனினும் இருவரும் அக்கடமையை ஆற்றினர்.

தமிழில் நாம் செய்யத்தக்கன

தமிழ்ப் பதிப்புலகிற்கும் இவை புதியன அல்ல. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, நூல் அச்சாகுமுன்னரே அன்பர்களிடம் கையொப்பம் வாங்கிப் பொருள் திரட்டினார். பாரிசில் 1921இல் நிகழ்ந்ததும் இதுவே. சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் எழுத்து இதழைத் தொடங்கி, எழுத்து பிரசுரம் வாயிலாக நூல்களையும் வெளியிட்டார். 1962இல் புதுக்குரல்கள் என்னும் புதுக்கவிதைத் தொகுப்பை அளித்தார். நூல்களைத் தாமே சுமந்து கல்லூரிகளுக்குச் சென்று விற்றார். அங்கே கவிதையைத் தேர்ந்தவரும், வெளியிட்டவரும், அதற்காக வாதிட்டவரும் ஒருவரே. தன் ஆற்றலை அறியாதாரிடத்தும் மாற்றார் பழித்தவிடத்தும் பேசுதற்குப் பவணந்தியார் அளித்த இசைவு அவருக்கு முழுதும் உரியது. ஆயினும் புதுக்கவிதையின் வரலாற்றை எழுதுவோர், அக்கவிதைக்காக அவர் வாதிட்ட உரைகளை அக்கவிதை பற்றிய இறுதித் தீர்ப்பாகக் கொள்வாராயின், பாயிரத்தை நூலென மயங்கியவராவர்.

இக்கால வெளியீட்டு விழாக்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். அரங்கேற்றம் என்பது தேர்வு. அதங்கோட்டாசான் வினவ, ஆசிரியர் குற்றமற விளக்கினார் என்பதே நமக்கு வந்த மரபு. கம்பரது அரங்கேற்றம் பற்றி வழிவழி வரும் கதைகளும் தடை எழுப்பியவர்களைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. வினவுவார் இல்லாத அவையிற் பொன்னாடையும் புகழுரையும் மட்டும் எஞ்சும். அங்கே களம் உண்டு, கேட்போர் இல்லை. வாங்க மறுத்த ஷாவின் மடல் ஒன்று, வினாவின்றிக் கலைந்த பல அவைகளைக் காட்டிலும் பின்வரும் ஆய்வாளர்க்குப் பயன்படும்.

ஆகவே மூன்று கடமைகளை நாம் வற்புறுத்துவோம். பல்கலைக்கழக நூலகங்கள் சிறு பதிப்பகங்களின் அறிக்கைகள், விலைப்பட்டியல்கள், அழைப்பிதழ்கள், மேலுறைகள் ஆகியவற்றை நாள் குறித்துத் தொகுத்துக் காத்தல் வேண்டும். ஆய்வாளர் அவற்றைப் பதினொரு கூறுகளோடும் பொருத்தி, சொல்லியதையும் சொல்லாது விட்டதையும் ஒருங்கே குறித்தல் வேண்டும். அவற்றின் முடிபை நூலின் துணைகொண்டு சோதியாது திறனாய்வாக எடுத்தாளுதல் கூடாது. இம்மூன்றனுள் முதலாவது காலத்தால் விரைந்து செய்யத்தக்கது. சிறு பதிப்பகங்கள் பெரும்பாலும் தனியொருவர் முயற்சியால் நடைபெறுவன; அவர் மறைந்தபின் அவர் வீட்டுத் தாள்கள் நெடுநாள் நில்லா. நூல்கள் ஓரிரு படிகளேனும் எங்கேனும் எஞ்சும். அறிக்கைகளுக்கு அவ்வாய்ப்பு அரிது.