இசைத்தட்டும் வாய்மரபும்: டி. கே. பட்டம்மாளின் தொடக்கப் பதிவுகளை முன்வைத்து

ஓர் இசைக் கலைஞரின் தகுதியை அவர் விட்டுச் சென்ற இசைத்தட்டுகளைக் கொண்டே தீர்மானித்துவிடலாம் என்ற எண்ணம் இன்று பரவலாக உள்ளது. பழைய தட்டுகள் எளிதில் கேட்கக் கிடைக்கும் இக்காலத்தில் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றிருக்கிறது. அது முழு உண்மையன்று என்பதே நமது கருத்து. இதை விளக்கக் காஞ்சிபுரத்து இசையைவிடப் பொருத்தமான சான்று வேறில்லை.

இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுகள் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் பதிவாயின. அவற்றில் இடம்பெற்ற பாடகியருள் புகழ் மிக்கவர் இஸ்லாத்தைத் தழுவிய கௌஹர் ஜான். பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்லி நிறுத்துவது அவர் வழக்கம். தென்னகத்தில் தொடக்ககாலத் தட்டுகளுக்குக் குரல் கொடுத்தவர்களுள் காஞ்சிபுரம் தனகோடி அம்மாளும் ஒருவர். அன்று ஒலிவாங்கி இல்லை. புனல் போன்ற குழாயின் முன் நின்று உரத்த குரலில் பாட வேண்டும். 1925ஆம் ஆண்டை ஒட்டி மின்முறைப் பதிவு வந்த பின்னரே மென்குரலின் நெளிவு சுளிவுகள் தட்டில் ஏறலாயின.

தனகோடி அம்மாளின் சகோதரி மகன்தான் காஞ்சிபுரம் நாயினாப் பிள்ளை (1889–1934). தாளக் கணக்கில் அவருக்கு நிகரில்லை என்று அக்கால வித்துவான்களே ஒப்புக்கொண்டனர். பக்கவாத்தியக்காரர் பலர் சூழ அவர் நடத்திய கச்சேரிகள் பெயர் பெற்றவை. ஆயினும் அவர் குரலைத் தாங்கிய தட்டு ஒன்றும் நமக்கு வாய்க்கவில்லை. தட்டை மட்டுமே சான்றாகக் கொள்வோருக்கு நாயினாப் பிள்ளை இல்லாதவரே. ஆனால் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும், பிருந்தா, முக்தா சகோதரியரும் அவரிடம் பாடம் கேட்டனர். அவர்கள் வழியே அவர் பாட்டு வாழ்ந்தது.

அவரிடம் முறையாகப் பாடம் கேளாமல் செவிவழியே கற்றுக்கொண்ட ஒருவரும் அந்நகரிலேயே இருந்தார். 1919ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாளே அவர். நாயினாப் பிள்ளை கச்சேரிகளைக் கேட்டு, கேட்டவற்றைச் சகோதரர்களின் உதவியோடு குறித்துவைத்துப் பயின்ற சிறுமி அவர். வைதிகப் பிராமணக் குடும்பத்துப் பெண்கள் மேடையேறிப் பாடுவது அன்று வழக்கமில்லை. தந்தையார் தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதர் தயங்கினார். அத்தயக்கத்தைக் கடந்துதான், பதின்மூன்று வயதளவில், கொலம்பியா நிறுவனத்தின் தட்டில் பட்டம்மாளின் குரல் பதிவாயிற்று. 1932இல் சென்னை ரசிக ரஞ்சனி சபையில் பாடினார். குடும்ப மானமும் பெண்ணின் திறமையும் மோதிக்கொள்ளும் நிலை நம் இல்லங்களுக்கும் புதிதன்று. ஆகவே ஒரு தந்தையின் அந்தச் சம்மதத்தை நாம் சிறிதாக எண்ணுவதற்கில்லை.

அத்தொடக்கப் பதிவுகளை எவ்வாறு மதிப்பிடுவது? நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலான இசைதான் அடங்கும். ஆகவே பாட்டு விரைகிறது. இராக ஆலாபனை ஓரிரு மூச்சில் முடிந்துவிடுகிறது. பிற்காலத்தில் நாம் கேட்ட ஆழ்ந்த, நிதானமான குரலுக்கு மாறாக, இங்கே ஒலிப்பது உயர்ந்த சுருதியில் அமைந்த இளங்குரல். மேடையில் இராகம் தானம் பல்லவியைத் துணிந்து பாடிய முதற்பெண்மணி என்றும், 'பல்லவி பட்டம்மாள்' என்றும் அவரை இசையுலகம் போற்றியது. அந்தப் பல்லவிக்கோ அத்தட்டுகளில் இடமில்லை. ஒரே அடியைப் பல காலங்களில் விரித்து எடுப்பில் கொணர்ந்து சேர்க்கும் அப்பெருங்கலையை மூன்று நிமிடம் எங்ஙனம் தாங்கும்?

இருப்பினும், ஒன்றைத் தட்டு மறைக்கவில்லை. அது தாளத்தில் அவருக்கிருந்த உறுதி. விரைவிலும் சொல் சிதையவில்லை. அடி முடியும் இடம் பிசகவில்லை. காஞ்சி நெசவாளர் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து இணைப்பதைக் 'கோர்வை' என்பர். தாளத்தில் கணக்காக வந்து பொருந்தும் சொற்கட்டுக்கும் அதே பெயர். இரண்டிலும் இணைப்பு உறுதியாக இருந்தால்தான் வேலை நிற்கும். அவ்வுறுதியைப் பட்டம்மாள் யாருடைய பாட்டைக் கேட்டுப் பெற்றார் என்று எண்ணும்போது, தட்டே இல்லாத நாயினாப் பிள்ளையின் சாயல் இச்சிறு தட்டில் புலப்படுகிறது.

பின்னர் அவர் புகழ் வளர்ந்தது. 'தியாக பூமி' (1939), 'நாம் இருவர்' (1947) ஆகிய படங்களில் தேசியப் பாடல்கள் பாடினார். நாடு விடுதலை பெற்ற இரவில் சென்னை வானொலியில் அவர் குரல் ஒலித்தது. 1970இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார், 2009இல் மறைந்தார். இத்தனைக்கும் பிறகு அந்த முதல் தட்டுகளைத் தேடிக் கேட்பது எதற்காக? பாட்டு எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்பதற்கு அவை சாட்சி கூறுகின்றன. தீர்ப்புக் கூற அவற்றால் இயலாது. சாட்சி கூற இயலும்.

இவ்வேறுபாடு நமக்கு எளிதில் விளங்கக் கூடியது. திருமறை ஓதுதலை உஸ்தாதின் வாய்வழியேதான் நாம் கற்கிறோம். ஷைகு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரியின் முழுக் குர்ஆன் பதிவு 1961இல் உலகுக்குக் கிடைத்த பின்னும், மக்ரஜைத் திருத்த ஓர் உஸ்தாத் தேவைப்படுகிறார். பதிவு துணை செய்யும்; உஸ்தாதுக்கு ஈடாகாது.

இசை குறித்து நம் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்விவாதத்துள் நாம் இங்கே நுழையவில்லை. ஆனால் பாடலும் ஓசையும் நம் தமிழிலக்கிய வாழ்வின் பகுதி என்பதை மறுப்பாரில்லை. காயல்பட்டினம் காசிம் புலவரின் திருப்புகழ் சந்தத்தாலேயே உயிர் பெற்று நிற்பது. நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் குரலை இசைத்தட்டும் ஒலிநாடாவும் காத்துத் தந்தன. ஆனால், வீட்டின் உள்ளறையில் தாலாட்டும் ஞானப்பாடலும் பாடிய நம் மூதாட்டியரின் ஓசையைக் காத்தவர் யார்? அவர்களுக்குத் தட்டும் இல்லை. கேட்டுக் குறித்துவைத்த சிறுமியரும் அரியர்.

நாயினாப் பிள்ளைக்கு ஒரு பட்டம்மாள் வாய்த்தார். நம் இல்லங்களில் இன்னும் பாடத் தெரிந்த முதியோர் சிலரேனும் இருக்கின்றனர். அவர்கள் குரலைப் பதிவு செய்தல் ஒரு கடமை. அவர்கள் அருகில் பிள்ளைகளை அமர்த்திப் பாடச் செய்தல் அதனினும் முந்திய கடமை. பதிவை மட்டும் பேழைக்குள் வைத்துவிட்டு வாய்களை மூடிக்கொள்வோமாயின், அடுத்த தலைமுறைக்கு நாம் விட்டுச் செல்வது சாட்சியை மட்டுமே, பாட்டை அன்று.