இராஜமையரும் ‘பிரபுத்த பாரத’ சஞ்சிகையும்

தமிழ் நாவல் வரலாறு கற்பிக்கப்படும் வகுப்புகளிலே பி. ஆர். இராஜமையர் என்னும் பெயர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தோடு தொடங்கி அதனோடே முடிந்துவிடுகிறது. ‘விவேக சிந்தாமணி’யில் 1893 தொடக்கம் 1895 வரை வெளிவந்த அந்நாவலுக்குப் பின் அவர் யாது செய்தார் என மாணவர் வினவுவதில்லை, ஆசிரியரும் பெரும்பாலும் கூறுவதில்லை. இருபத்தாறாவது வயதில் இறந்தார் என்ற ஒரு வசனத்தோடு அடுத்த நாவலாசிரியரிடம் சென்றுவிடுகிறோம். ஆயின், அவருடைய இறுதி ஈராண்டுகளை முற்றாக விழுங்கிய வேலை ஒன்றுண்டு. அது ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில மாதச் சஞ்சிகை. இலக்கிய விமரிசகர் அதனைச் சமயத்தாரிடம் விட்டுவிட்டனர். சமயத்தாரோ அச்சஞ்சிகையின் நீண்ட ஆயுளைப் போற்றுமளவுக்கு அதன் முதலீராண்டு எழுத்தை எடுத்து நோக்குவதில்லை.

சிக்காகோ மகாசபை நிகழ்ந்தது 1893இல். அதன்பின் விவேகானந்தரின் சென்னை அன்பர்கள் தம் கருத்துக்களுக்கு ஒரு வாயில் வேண்டுமென விரும்பினர். பள்ளியாசிரியராகிய அளசிங்கப் பெருமாள் முன்னின்று 1895 செப்டெம்பரில் ‘பிரமவாதின்’ என்னும் ஏட்டைத் தொடங்கினார். அது கற்றோரை நோக்கியது. பாஷ்யமும் தருக்கமும் அறிந்தவர்க்கே அதன் பக்கங்கள் இன்பம் பயப்பன. பத்துமாதங் கழித்து, 1896 யூலையில், அதே குழுவினரிடையே இரண்டாவது சஞ்சிகை ஒன்று தோன்றிற்று. ‘விழிப்புற்ற இந்தியா’ என்பது அதன் பெயரின் பொருள். அதன் பத்திராதிபர் இருபத்துநான்கு வயதினரான இராஜமையர்.

ஒரு சிறு கூட்டத்துக்கு இரண்டு சஞ்சிகைகள் எதற்கு? வினா நியாயமானதே. விடையை விவேகானந்தர் மேல்நாட்டிலிருந்து டாக்டர் நஞ்சுண்டராவுக்கு எழுதிய கடிதங்களிற் காணலாம். வடமொழி நூல்களிற் சிதறிக்கிடக்கும் கதைகளை எளிய முறையில் மீள எழுதி வெளியிடுதலே புதிய சஞ்சிகையின் தலையாய பணியாதல் வேண்டும் என்பது அவர் கருத்து. சாத்திரத்தை விளக்கப் பண்டிதர் பலர் இருந்தனர். கதை சொல்ல வல்லவர் அரியர். அக்குழுவினர் ஒரு நாவலாசிரியரைத் தேர்ந்தது தற்செயலாக நேர்ந்ததோ, தெரிந்து செய்ததோ, நல்ல தேர்வு என்பதில் ஐயமில்லை.

முதல் இதழ்களின் அட்டைப்படத்தைப் பற்றி ஒரு சொல். ஆலமரம், மலை, முனிவர், ஐரோப்பியத் தம்பதியர் என எல்லாம் அதில் நெருக்கி வரையப்பட்டிருந்தன. அதே 1896இல் விவேகானந்தர் சுவிற்சலாந்திலிருந்து எழுதிய கடிதத்தில் இதனைக் கடுமையாகக் கண்டித்து, மனித உருவங்களை அகற்றித் தாமரை போன்ற எளிய சின்னம் ஒன்றை அமைக்குமாறு கூறினார். சிறு சஞ்சிகை தொடங்குவோர் தம் கொள்கை முழுவதையும் முதல் அட்டையிலேயே சொல்லிவிட முயல்வது பழைய நோய் என்று தெரிகிறது. உள்ளே இருந்த எழுத்தில் அந்நோய் இல்லை.

அவ்வெழுத்தின் பெரும்பகுதி ஒருவருடையதே. தம் பெயரால் எழுதியது போதாதென்று டி. சி. நடராஜன், எம். ரங்கநாத சாஸ்திரி என்னும் புனைபெயர்களாலும், ‘துறவி’ என்றும் ‘யாரென்று யாருமறியார்’ என்றும் பொருள்படும் ஆங்கிலப் பெயர்களாலும் இராஜமையர் பக்கங்களை நிரப்பினார். (கல்லூரிச் சஞ்சிகைக்குப் பத்திராதிபராய் இருந்தவர்கள் இவ்விடத்திற் புன்னகை செய்வர்.) எழுத்தாளர் பலர் உளர் என்ற தோற்றம் வாசகருக்கு நம்பிக்கையூட்டியிருக்கும். எனினும் 1905இல் ‘வேதாந்த உலாக்கள்’ என்னும் பொருள்படும் தலைப்போடு நூலுருப்பெற்ற அக்கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்குமிடத்து, பெயர்கள் மாறினும் குரல் மாறவில்லை என்பது தெளிவாகும். சஞ்சிகைக்கு இது குறையே. கருத்து வேற்றுமை என்பது அங்கு நிகழவே வாய்ப்பில்லை. சாஸ்திரியாருடன் துறவியார் ஒருபோதும் முரண்படார்.

ஆயின் அந்த ஒரு குரல் கேட்கத்தக்கது. புராணக் கதைகளை உருவகங்களாகக் கொண்டு அவர் பொருள் விரிக்கும் கட்டுரைகளிற் சில இன்று நமக்கு வலிந்து பொருள்கொண்டனவாகத் தோன்றலாம். கதையைக் கதையாகவே விட்டுவிடும் இடங்களிலேதான் அவர் உயர்கிறார். பெரியபுராண மரபில் வந்த நந்தனார் கதையை அவர் ஆங்கிலத்தில் எழுதியிருத்தல் ஈண்டுக் குறிக்கத்தக்கது. வேதாந்தச் சஞ்சிகை ஒன்று தன் கொள்கையை விளக்கச் சைவ அடியார் ஒருவரை, அதிலும் சாதியால் ஒடுக்கப்பட்ட ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. சைவசித்தாந்தம் பயின்ற நமக்கு அதன் முடிவுரையிற் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்த அடியாரிடத்து ஆசிரியர் கொண்ட ஈடுபாட்டை ஐயுற இடமில்லை.

‘வாசுதேவ சாஸ்திரி’ என்னும் ஆங்கிலத் தொடர்கதையைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வரும் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அப்பண்டிதர் வாய்திறந்தால் நகை பிறக்கும். அந்நகை தமிழ்ச் சொற்களின் நெளிவிலே பிறப்பது. ஆங்கிலத்தில் எழுதியபோது அந்நெளிவு அவர் கையை விட்டு அகன்றது. சாஸ்திரியார் நல்லவர், அறிவாளர், சாந்தசொரூபி. அவரோடு சிரிக்க முடியவில்லை. நாவலின் பிற்பகுதியிலேயே தத்துவம் கதையை அடக்கத் தொடங்கிற்று என்ற குற்றச்சாட்டு உண்டு. சஞ்சிகையில் அது முற்றுப்பெற்றது என்பேன்.

இங்கே மொழிப் பிரச்சினை எழுகிறது. தமிழின் முதல் நாவலாசிரியர்களுள் தலைசிறந்தவராகிய ஒருவர் தம் இறுதி ஈராண்டுகளை ஆங்கிலத்துக்குக் கொடுத்தது ஏன்? வங்காளத்தாரும் மேல்நாட்டாரும் படிக்க வேண்டுமாயின் ஆங்கிலமே வழி என்னும் விடை பொய்யன்று. விவேகானந்தர் 1897 சனவரியில் யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரியில் நிகழ்த்திய பேருரையும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. ஆயினும் வேறு வழியும் அக்காலத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவபரிபாலன சபையார் 1889இலேயே தமிழில் ‘இந்து சாதன’த்தையும் ஆங்கிலத்தில் ‘ஹிந்து ஓர்கன்’ பத்திரிகையையும் நடத்தத் தொடங்கிவிட்டனர். நீதிமன்ற உத்தியோகத்திலிருந்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1897 யூனில் ‘சித்தாந்த தீபிகை’யைத் தொடங்கியபோது அதற்குத் தமிழ்ப் பதிப்பும் உண்டாயிற்று, பின்னாளில் மறைமலையடிகள் என விளங்கிய வேதாசலம் அதன் தொடக்க இதழ்களுக்குப் பொறுப்பாயிருந்தார். இருமொழியில் நடத்துதல் செலவும் உழைப்பும் மிக்கது என்பது உண்மை. ஆனால் சென்னைக் குழுவினரிடம் ‘கமலாம்பாள்’ எழுதிய கை இருந்ததே!

அக்கை 1898 மே 13ஆம் நாள் ஓய்ந்தது. அடுத்த மாத இதழோடு சஞ்சிகையும் சென்னையில் நின்றது. கவனிக்க வேண்டியது யாதெனில், அது வாசகரின்மையால் நிற்கவில்லை. எழுதுவதற்கு ஆளின்மையால் நின்றது. நண்பர் இருந்தனர், சந்தாதாரர் இருந்தனர், அச்சுக்கூடம் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் இரண்டாவது எழுத்தாளர் ஒருவரை உருவாக்கிக்கொள்ளாத குழு என அவர்களைக் குறைகூறலாம். இராஜமையரையும் அக்குறையிலிருந்து முற்றாக விடுவிக்க முடியாது. புனைபெயரிட்டுத் தாமே நிரப்பிய இடங்களிலெல்லாம் வேறொருவர் எழுதிப் பழகியிருக்கலாம். நோயுற்ற இளைஞர் ஒருவரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது இரக்கமற்ற விமரிசனம் என்று சிலர் கருதக்கூடும். அதனை ஏற்றுக்கொண்டே இதனை எழுதுகிறேன்.

அதே 1898 ஆகஸ்டில் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் சஞ்சிகை மீண்டும் தொடங்கப்பெற்றது. சேவியர் என்னும் ஆங்கிலேயக் கப்பற்றலைவரல்லாத படைத்தலைவர் ஒருவர் துணைநிற்க, சுவாமி சுவரூபானந்தர் பத்திராதிபரானார். விவேகானந்தர் அதனை வாழ்த்திக் கவிதை எழுதினார். அடுத்த ஆண்டு மாயாவதி ஆசிரமத்துக்கு அது குடிபெயர்ந்தது. 1906இல் சுவரூபானந்தர் மறைந்தபோது சஞ்சிகை நிற்கவில்லை; துறவிகளின் சங்கம் ஒன்று பின்னின்றமையால் அடுத்தவர் வந்தமர்ந்தார். இன்றும் அது வெளிவருகிறது. நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் தொகுதிகளுள் அறிவார்ந்த கட்டுரைகள் ஏராளம். ஆனால் அடுத்த இதழ் எப்போது வருமென்று கதைக்காகக் காத்திருக்கச் செய்யும் பக்கங்களை அதன் முதல் இருபத்துநான்கு மாதங்களிலேயே நான் மிகுதியாகக் காண்கிறேன்.

அவற்றைத் தமிழ் வகுப்பிற் கொண்டுவருதல் எளிதன்று. இராஜமையரின் நந்தனாரை அவருடைய சொற்களிலேயே படிக்க விரும்பும் மாணவன் ஆங்கிலப் பிரிவின் அலுமாரியைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.