போகிறபோக்கில் சொன்ன கருத்துகள்

குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் மாலை வேளைகளில் நிகழும் பேச்சை இலக்கியத் திறனாய்வு பொருட்படுத்துவதில்லை. குளிர்பதனப் பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும், எந்தத் திறன்பேசியின் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும், எந்தக் கடையில் வாங்கினால் பழுது பார்க்க ஆள் வருவான் என்பன அப்பேச்சின் பொருள். அரசியலையும் சமயத்தையும் பற்றிச் சொல்லை அளந்து பேசும் மனிதரும் கருவிகளைப் பற்றிப் பேசும்போது தயங்குவதில்லை. தீர்ப்பு உடனே பிறந்துவிடுகிறது. அத்தீர்ப்பின் முதற்பாதி தமிழிலும் பிற்பாதி ஆங்கிலத்திலும் அமைவதையும் ஊன்றிக் கேட்போர் உணர்வர்.

1953ஆம் ஆண்டு முடிசூடிய இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பெயரால் வழங்கும் இவ்வூர், சிங்கப்பூரின் முதல் துணை நகரம். 1960களில் செட்ரான் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பெட்டிகள் இங்கே பொருத்தி உருவாக்கப்பட்டன. நாட்டின் முதல் கிளை நூலகம் 1970இல் இங்குத்தான் திறக்கப்பட்டது. உயிரியல் ஆய்வுக்கூடங்கள் திரண்டு நிற்கும் பயோபோலிஸ் 2003இல் எழுந்தது. நகரத் திட்டப் பிரிவின்படி கெண்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகமும் குவீன்ஸ்டவுன் வட்டாரத்துள் அடங்கும். கருவி செய்யும் இடம், கருவியைப் பற்றிப் படிக்கும் இடம், கருவியோடு வாழும் வீடு ஆகிய மூன்றும் கூப்பிடு தொலைவில் அமைந்த ஊர் இது. அறிவியலையும் நுகர்பொருளையும் பற்றிய சாதாரணக் கருத்து தமிழ் உரைநடையில் எத்தகைய உருப்பெற்றுள்ளது என்னும் வினாவை எழுப்ப இதனினும் பொருத்தமான இடம் அரிது.

அறிவியலைத் தமிழில் விளக்குவது வேறு. அறிவியலைப் பற்றித் தமிழில் கருத்துரைப்பது வேறு. முன்னதற்கு வளமான மரபு உண்டு. வழக்கறிஞராயிருந்த பெ. நா. அப்புசுவாமி (1891–1986) நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியை அப்பணிக்கு அளித்தார். அவர் உரைநடை பொறுமையும் தெளிவும் கொண்டது. எனினும் அது ஆசிரியரின் குரல். மின்சாரம் எவ்வாறு பாய்கிறது என்று அக்குரல் சொல்லும். மின்கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்காது. கேட்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அந்தத் தலைமுறைக்கு விளக்கமே முதற்கடமையாக இருந்தது.

கருத்துரைக்கும் மரபின் தலைசிறந்த சான்று, எழுத்தாளரிடமிருந்து அன்று, மேடைப் பேச்சாளரிடமிருந்து வந்தது. 1929இலும் 1954இலும் சிங்கப்பூர் வந்து சென்ற பெரியார் ஈ. வெ. ரா., 1940களின் முற்பகுதியில் வெளியிட்ட கருத்துகள் ‘இனிவரும் உலகம்’ என்னும் சிறுநூலாக உலவி வருகின்றன. கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும். உருவத்தைக் கண்டவாறே ஒருவரோடொருவர் பேசுவர். ஓர் ஆசிரியர் ஓரிடத்திலிருந்து பல ஊர் மாணவர்க்குக் கற்பிப்பார். பிள்ளைப்பேற்றுக்கு ஆண்பெண் சேர்க்கை இன்றியமையாததாக இராது என்பன அதிற் கண்ட செய்திகள். சோதனைக் குழாய் முறையில் கருவுற்ற முதற்குழந்தை 1978இல் இங்கிலாந்திலும், ஆசியாவில் அவ்வாறு பிறந்த தொடக்கக் குழந்தைகளுள் ஒன்று 1983இல் சிங்கப்பூரிலும் பிறந்தன. சட்டைப்பைக் கருவிக்குச் சான்று தேடவேண்டியதில்லை.

இந்நூலைப் போற்றுவோர் பலரும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றனர். முன்னரே சொன்னார், பின்னர் நடந்தது என்பதோடு பாராட்டு முடிகிறது. இது சோதிடரைப் பாராட்டும் முறை. சோதிடத்தை வாழ்நாள் முழுதும் எதிர்த்த ஒருவரை இம்முறையிற் பாராட்டுவதன் நகைமுரண் எவருக்கும் உறுத்துவதாகத் தெரியவில்லை. உண்மையில் அந்நூலின் உயிர் கருவிப் பட்டியலில் இல்லை. இயந்திரம் பெருகினால் மனிதன் நாளொன்றுக்கு உழைக்கும் நேரம் மிகச் சுருங்கும்; ஒருவருக்கு மற்றொருவர் ஏவலாளாக இருக்கும் நிலை மறையும்; பிள்ளைப்பேற்றின் சுமை பெண்ணை அழுத்தாது என்பவையே அதன் வாதம். கருவி யாருடைய சுமையை இறக்கும் என்பது அவர் கேட்ட கேள்வி. கருவிகள் வந்தன. உழைக்கும் நேரம் அவர் எண்ணிய அளவுக்குச் சுருங்கவில்லை. சட்டைப்பைக் கருவியே அலுவலகத்தை உறங்கும் அறைவரை கொண்டுவந்து சேர்த்தது. பலித்த பாதியைக் கொண்டாடிப் பலிக்காத பாதியைப் பேசாதொழிவது அந்நூலை வாசிக்கும் முறையன்று. வகுப்பறையில் அதனைக் கையாளும் ஆசிரியர், பலிக்காத பாதியிலிருந்து தொடங்கினால் மாணவர் விழித்துக்கொள்வர்.

அடுத்து எண்ணத்தக்கவர் சுஜாதா (1935–2008). 1965இல் தொடங்கிய கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் அவர் எழுதியவை, ஜூனியர் விகடனில் வாசகர் வினாக்களுக்கு விடையாக வந்த ‘ஏன் எதற்கு எப்படி’, ஆனந்த விகடனின் ‘கற்றதும் பெற்றதும்’ ஆகியவற்றில், போகிறபோக்கில் கருத்துச் சொல்வது ஓர் இலக்கிய வகையாகவே நிலைபெற்றது. சிறு வாக்கியம், தயங்காமல் தமிழெழுத்தில் ஏறும் ஆங்கிலச் சொல், இறுதியில் ஒரு சிரிப்பு ஆகியவை அவ்வகையின் புற அடையாளங்கள். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்குகொண்டவர் அவர். 1982இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் முதன்முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட அவ்வியந்திரம் இன்று இந்தியத் தேர்தல்களின் அடிப்படையாகிவிட்டது. கருவியின் உட்புறத்தைத் தொட்டறிந்த கை எழுதியதனால், அவருடைய அலட்சியத்திற்கும் ஓர் அடித்தளம் இருந்தது.

தூய தமிழ் ஆர்வலர்கள் அவர்மீது சாட்டிய குற்றம் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களைப் பற்றியது. அக்குற்றச்சாட்டு தவறிய இலக்கைத் தாக்குகிறது. திசைச்சொல்லையும் வடசொல்லையும் ஏற்று அவற்றிற்கு இடம் வகுத்த தொல்காப்பிய மரபு, சொல் எங்கிருந்து வந்தது என்பதற்காக மட்டும் அதனைத் தள்ளுவதில்லை. கேட்கவேண்டிய கேள்வி, அந்த இறுதிச் சிரிப்பைப் பற்றியது. வாசகன் ஒரு படி மேலே கேட்க எண்ணும் தறுவாயில் அச்சிரிப்பு கதவைச் சாத்திவிடுவதுண்டு. அறிந்தவர் சாத்தினால் கதவுக்குப் பின்னால் அறையாவது இருக்கும். அவரைப் பின்பற்றியோரிடம் சிரிப்பும் சிறு வாக்கியமும் மட்டுமே எஞ்சின; அறை இல்லை. ஒரு கருவி ‘சூப்பர்’ என்பதும் மற்றொன்று ‘வேஸ்ட்’ என்பதும் கருத்தாகிவிட்டன. எத்தனை நாள் பயன்படுத்தினார், என்ன விலை கொடுத்தார், எதனோடு ஒப்பிட்டார் என்னும் மூன்றும் இல்லாத கருத்து, அபிப்பிராயத்தின் ஓசை மட்டுமே. அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை மனப்பாடம் செய்யாத தமிழ் மாணவர் இல்லை. அது மேடையில் மேற்கோளாகப் பயன்படும் அளவு, கடைவீதியில் பயன்படுவதில்லை.

கடைவீதியிலோ அதற்கு வேலை நிறைய உண்டு. சிங்கப்பூரில் 2008 முதல் குளிர்பதனப் பெட்டிக்கும் குளிர்சாதனத்திற்கும் எரிசக்தி அட்டை கட்டாயமாயிற்று. அட்டையில் உள்ள குறிகளை எண்ணிப் பார்த்து, குறி மிகுதியானால் மின்சாரச் செலவு குறையும் என்று முடிவுகட்டுவோர் பலர். அக்குறிகள் பெட்டியின் கொள்ளளவையும் கணக்கிற்கொண்டு தரப்படுபவை. ஆகவே பெரிய பெட்டியொன்று கூடுதல் குறிகள் பெற்றும், சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் கொள்ளக்கூடும். ஆண்டொன்றுக்கு எத்தனை கிலோவாட் மணி என்று அதே அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணே வீட்டுச் செலவைச் சொல்வது. இச்செய்தியைத் தமிழில் நான்கு வரியில் எழுதிவிடலாம். எழுதினால் அது நல்ல உரைநடையாகவும் இருக்கும்.

இதைப் போன்றதே 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, குறையுள்ள பொருள்களைப் பற்றிய சட்டம். பொருளை ஒப்படைத்த 6 மாதத்திற்குள் குறை தென்பட்டால், அது ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென மெய்ப்பிப்பது விற்றவர் பொறுப்பு. இச்சட்டத்தை ஆங்கில வழக்கில் ‘லெமன்’ சட்டம் என்பர். பழுதுபட்ட வண்டியை எலுமிச்சை என்பது அம்மொழியின் கொச்சை. புது வண்டி வாங்கியதும் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டும் தமிழ்க் குடும்பத்திற்கு இப்பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துச் சொன்னால், சட்டம் வண்டிக்குத் திருஷ்டி கழிப்பதாகத்தான் தோன்றும். மொழிபெயர்ப்பு தோற்கும் இத்தகைய இடத்தில்தான் தமிழில் சிந்தித்து எழுதுபவர் தேவைப்படுகிறார்.

சொல்லாக்கத்தைப் பொறுத்தவரை சிங்கப்பூர்த் தமிழர் பின்தங்கியவரல்லர். சிறுகதையாசிரியரும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் கற்பித்தவருமான நா. கோவிந்தசாமி (1946–1999) இதற்குத் தக்க சான்று. 1995 அக்டோபர் 27 அன்று சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் கணினி வலையில் ஏறியபோது, அவற்றுள் தமிழ் இடம்பெறப் பாடுபட்டவர் அவர். ஓர் எழுத்துருவில் அடித்தது மற்றோர் எழுத்துருவில் குப்பையாகத் தோன்றிய காலம் அது. ‘கணியன்’ என்னும் மென்பொருளை அவர் உருவாக்கினார். 1997இல் சிங்கப்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் முன்னோடிகளுள் ஒருவரானார். ‘இணையம்’ என்னும் சொல்லே அவர் ஆக்கியது என்று தமிழுலகம் போற்றுகிறது. இரண்டு அசைகளில் அடங்கி, வேற்றுமை உருபுகளை எளிதில் ஏற்று, இணையத்தில், இணையவழி என்று எத்திசையும் கிளைக்கும் அச்சொல்லின் அழகு அகராதியில் தெரிவதன்று, புழக்கத்தில் தெரிவது. பொருளைக் கையாண்டவரிடமிருந்து பிறந்ததால் அது கையில் நிற்கிறது.

ஆயினும் சொற்கள் மட்டும் கருத்தாவதில்லை. மின்தூக்கி, திறன்பேசி என்னும் சொற்களைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதும் மாணவர், அவற்றைப் பற்றித் தம் எண்ணத்தைச் சொல்லும்போது ஆங்கிலத்திற்கு மாறுகின்றனர். சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியும் ஆங்கிலமே பேசுகின்றனர் என்று 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக் காட்டியது. திருவிழாவும் உறவுமுறையும் தமிழில் நிலைக்க, பொருளும் பணமும் கருவியும் வேறுமொழிக்குப் போய்விடுமாயின், எஞ்சும் தமிழ் விருந்தினர் வந்தால் உடுத்தும் பட்டாடை போன்றதாகிவிடும். இவ்வச்சம் மிகையன்று. நோய்த்தொற்றுக் காலத்தில் தொடர்புகளைத் தடமறியும் செயலி 2020இல் வந்தது. அதன் விவரங்களைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ்க் காவல்துறை பெறமுடியும் என்று 2021 சனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் அதனை வரையறுக்கும் சட்டம் மறுமாதமே நிறைவேறியது. ஒவ்வொருவர் கையிலும் இருந்த கருவியைப் பற்றிய கேள்வி அது. அதனைத் தமிழ் வகுப்பறையில் விவாதித்திருந்தால் தனியுரிமை, ஒப்புதல், நம்பகம் என்னும் சொற்கள் மனப்பாடமின்றியே மாணவர் நாவில் ஏறியிருக்கும்.

அதற்குப் பதிலாக ‘அறிவியலின் நன்மை தீமைகள்’ என்னும் தலைப்பு ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. கட்டுரை எடிசனில் தொடங்கி அணுகுண்டில் முடிகிறது. எழுதும் பிள்ளை குவீன்ஸ்டவுனின் பழைய கட்டடமொன்றில் பாட்டியோடு வளர்ந்ததாக இருக்கலாம். அக்கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்பதற்காக அமைக்கப்படவில்லை. குறிப்பிட்ட சில தளங்களில் மட்டும் நிற்கும். மற்றத் தளத்தார் இறங்கி ஏறவேண்டும். ஒவ்வொரு தளத்திலும் நிற்கச் செய்யும் மேம்பாட்டுத் திட்டம் 2001இல்தான் தொடங்கியது. அதுவரை அரிசிப்பையோடு ஒரு தளம் படியேறிய பாட்டியிடம் அந்த இயந்திரத்தைப் பற்றித் திடமான கருத்து ஒன்று இருந்திருக்கும்; அதனை அவர் தமிழில்தான் சொல்லியிருப்பார்.