நான்கு விரல் உயரம்

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கில் இருந்தவர்களுக்கு, வண்டியை உயர்த்திக் கட்டும் ஆசை எங்கிருந்து வருகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை இரவு பிடித்த மழையும் காற்றும் ஞாயிறு விடிந்தும் விடவில்லை. ஏழு உயிர்கள் போயின. மாநில அரசு நள்ளிரவு தாண்டிய நேரத்தில் இராணுவத்தின் உதவியைக் கேட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதிதான் ஒரு வெள்ளத்தைப் பார்த்துக் கழுவித் துடைத்து முடித்திருந்தோம். வாசலில் நிறுத்திய காருக்குள் சேற்று நீர் மிதியடியைத் தொட்டு, இருக்கையைத் தொட்டு ஏறுவதை மாடிப் படியில் நின்று பார்த்த ஒரு குடும்பம், அடுத்த ஆண்டு போனஸ் வந்ததும் பட்டறைக்குத்தான் போகும். என் தம்பி போனான்.

அவனிடம் இருந்தது ஹைலக்ஸ், நான்கு கதவு பிக்கப். நம் ஊரில் இது சரக்கு வண்டி மட்டும் இல்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் போவதும், ஈப்போவுக்குக் கல்யாணத்துக்குப் போவதும் எல்லாம் இதில்தான். அதற்கு உடலை உயர்த்தும் இரண்டு அங்குல லிஃப்ட் கிட், பெரிய டயர், முன்னால் இரும்பு புல் பார், அதற்குள் இழுவைக் கயிறு சுற்றும் வின்ச், பக்கவாட்டில் இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று தரும் ஸ்நோர்க்கல் என்று வரிசையாகப் போட்டான். வேலை முடிந்து வந்த அன்று வண்டி கம்பீரமாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். அம்மாவுக்கு அப்போது 74 வயது. ஒரு காலைப் பக்கப்படியில் வைத்து, கைப்பிடியைப் பற்றி, உந்த முடியாமல் அப்படியே நின்றார். "கை குடுப்பா" என்றார். அன்றிலிருந்து இந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக யோசித்து வருகிறேன்.

முதலில் கணக்கு. ஹைலக்ஸில் பலருக்கும் தொழிற்சாலையிலிருந்து வரும் டயர் அளவு 265/65 ஆர்17. இதன் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். ஆர்வலர்கள் விரும்பி மாற்றும் 285/70 ஆர்17 டயரின் விட்டம் 831. வித்தியாசம் 55 மில்லிமீட்டர் என்றாலும், வண்டி உயர்வது அதில் பாதிதான், 27 மில்லிமீட்டர். லிஃப்ட் கிட்டின் 50 மில்லிமீட்டரைச் சேர்த்தால் 77. விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் நான்கு விரல் அகலம். சில ஆயிரம் ரிங்கிட் கொடுத்து நாம் வாங்குவது இந்த நான்கு விரலைத்தான்.

அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. லிஃப்ட் கிட் ஸ்பிரிங்குக்கு மேலே இருப்பதைத்தான் தூக்கும். பின் அச்சும் அதன் நடுவில் உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியலும் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. லிஃப்ட் மட்டும் போட்டால் அவை ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. காட்டுப் பாதையில் கல்லில் முதலில் இடிப்பது அந்த உருண்டைதான். அதைத் தூக்குவது டயர் ஒன்றே.

நான்கு விரலால் வெள்ளத்தில் என்ன ஆகும்? தொழிற்சாலையிலிருந்து வரும் நிலையிலேயே ஹைலக்ஸ் 700 மில்லிமீட்டர் ஆழத்தைக் கடக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். ஃபோர்டு ரேஞ்சருக்கு இது 800. சராசரி ஆளுக்குத் தொடையளவு வரும் நீர் இது. இன்னொரு பக்கம் மிதப்பு இருக்கிறது. இரண்டு டன் வண்டி இரண்டு கன மீட்டர் நீரை விலக்கினால் மிதக்கத் தொடங்கும். அடிப்பரப்பு ஏழரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், நீர் தரைத்தகட்டுக்கு மேல் ஒரு சாணைவிடச் சற்றே கூடுதலாக ஏறும்போது, உள்ளே நீர் புகாத வரை, சக்கரங்கள் தரையில் பிடிப்பை இழக்கும். தண்ணீர் தாண்டும் உயரத்தை ஸ்நோர்க்கல் எவ்வளவு ஏற்றினாலும் வண்டியின் எடை கூடாது. காற்று உறிஞ்சும் வாய் நீரில் மூழ்கி இன்ஜின் உடைவதை அது தடுக்கும், வண்டி அடித்துச் செல்லப்படுவதைத் தடுக்காது. டிஃபரன்ஷியல், கியர் பெட்டி ஆகியவற்றின் மூச்சுக்குழாய்களை மேலே நீட்டி வைக்காவிட்டால், ஸ்நோர்க்கல் இருந்தும் சூடான கியர் பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கியதும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தக் குழாய் நீட்டிப்பு மிக மலிவான வேலை. வெளியே தெரியாது. அதனாலேயோ என்னவோ, பலர் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

பினாங்குத் தீவில் வெள்ளம் இரண்டு விதம். ஜார்ஜ் டவுனின் தாழ்ந்த பகுதிகளில், குறிப்பாக ஜாலான் பி. ரம்லி பக்கம், மழையோடு கடல் ஏற்றமும் சேர்ந்தால் சுங்கை பினாங்கு ஆற்றின் நீர் கடலுக்குள் போக வழியின்றித் திரும்பி நிற்கும். இது நகராமல் ஏறும் தண்ணீர். ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் போன்ற மலையடிவாரங்களில் வருவது வேறு வகை. அது சேற்றோடும் கல்லோடும் ஓடி வரும், சில இடங்களில் மலையே சரியும். ஓடும் நீரில் பெரிய டயர் தள்ளுவதற்கு வாகான பரப்பைத் தருகிறது. நிற்கும் நீரில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது: சாலையோரத்து லோங்காங். மூடியில்லாத அந்த வடிகாலின் விளிம்பு நீருக்கடியில் எங்கே இருக்கிறது என்று 77 மில்லிமீட்டர் கூடுதல் உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரியப்போவதில்லை. ஒரு பக்கச் சக்கரம் அதில் இறங்கினால், உயர்த்தப்பட்ட வண்டிதான் முதலில் சாயும். ஒரு வண்டி கவிழாமல் நிற்கும் திறனைச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்து அளப்பார்கள். அகலம் 1540, மையம் 750 மில்லிமீட்டர் என்று ஒரு வண்டியை எடுத்துக்கொண்டால் விடை 1.03. மையம் 70 உயர்ந்தால் 0.94. ஒன்றுக்கு மேலிருந்து ஒன்றுக்குக் கீழே.

வெள்ளம் ஆண்டுக்குச் சில நாட்கள். மற்ற நாட்களில் அதே வண்டி பினாங்குப் பாலத்தில் குறுக்குக் காற்றை வாங்கிக்கொண்டு ஓடுகிறது. என் மனத் தராசு அதிகம் சாய்வது இங்கேதான். டயரின் விட்டம் 7 விழுக்காடு கூடினால், மீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 86ஐ ஒட்டிப் போகும். தொழிற்சாலை மீட்டர்கள் வழக்கமாகக் கொஞ்சம் கூட்டியே காட்டும் என்பதால் அந்த இடைவெளி சற்றுக் குறையலாம். பிரேக்கில் அந்தச் சலுகை இல்லை. அதே அழுத்தத்துக்கு, ஆரம் நீண்ட சக்கரத்தில் சாலையைப் பிடித்து நிறுத்தும் விசை அந்த 7 விழுக்காட்டை ஒட்டிக் குறைகிறது. டயரும் ரிம்மும் கனமாகிவிட்டதால் சுழற்சியை அடக்க இன்னும் கொஞ்சம் வேலை. முன்பக்கத்து மேல் பந்து மூட்டும் அச்சு மூட்டுகளும் தமக்கு விதிக்கப்பட்ட கோணத்தைத் தாண்டி வேலை செய்யும். அலைன்மெண்ட் திரும்பச் செய்யாத வண்டியில் டயர் ஓரம் தேயும். விளக்கின் கற்றையும் உயர்ந்து எதிரே வருபவர் கண்ணில் விழும். கேமரா, ராடார் கொண்டு தானாகப் பிரேக் பிடிக்கும் புதிய வண்டிகளில் அந்தக் கருவிகள் எந்த உயரத்தில் அளந்து பொருத்தப்பட்டனவோ, அந்த அளவே மாறிவிடுகிறது.

இந்த நாட்டில் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுடையவை. முன்னால் இரும்புக் குழாய் கட்டி, மூக்கை உயர்த்திய வண்டியின் பம்பர் யாருடைய இடுப்பை, யாருடைய நெஞ்சைத் தொடும் உயரத்தில் இருக்கிறது என்பதை அந்த வண்டியின் உள்ளே இருப்பவர் யோசிக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் மறையும் தரை நீளமாகிவிடும். தெருவில் சைக்கிள் விடும் பிள்ளைகளின் பெற்றோராக நான் இதை எழுதுகிறேன்.

வெள்ளத் தெருவிலும் இதே கதைதான். உயர்ந்த வண்டி ஒன்று தைரியமாக நீரைக் கிழித்துக்கொண்டு போனால், அது எழுப்பும் அலை இருபுறமும் கடை ஷட்டருக்குள்ளும் வீட்டு வாசலுக்குள்ளும் போகிறது. மணல் மூட்டை வைத்து ஒரு விரல் இடைவெளியில் தடுத்து வைத்திருந்த நீர், அந்த ஒரு வண்டி கடந்த பிறகு உள்ளே வந்துவிடும். உயரம் வண்டிக்காரருக்குத் தந்த பாதுகாப்பின் விலையை அடுத்த வீட்டுக்காரர் கட்டுகிறார்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் பழக்கத்தைக் கண்மூடிக்கொண்டு தள்ள என்னால் முடியாது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, மீட்புப் படகுகளுக்குக் காத்திருந்த மக்களிடம் படகு வைத்திருந்த தன்னார்வலர்களும் உயர்த்திய நான்கு சக்கர வண்டிக்காரர்களும் போனார்கள். உணவு கொண்டு போனார்கள், முதியவர்களை ஏற்றி வந்தார்கள். அந்தக் குழுக்களிடம் இருந்தது பெரிய டயர் மட்டும் இல்லை. எந்த ஆழத்தில் திரும்பிவிட வேண்டும், கயிற்றை எங்கே மாட்ட வேண்டும், முன்னால் ஒருவர் குச்சியோடு நடந்து போக வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குக் கைவந்திருந்தது. அந்தப் பாடத்தை அவர்கள் காட்டில் படித்தவர்கள். 1997 முதல் மலேசியாவில் நடந்த ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் என்ற காட்டுப்பாதை வண்டிப் போட்டியை வேண்டுமென்றே ஆண்டு இறுதி மழைக்காலத்தில் வைத்தார்கள். அங்கே வின்ச் என்பது உயிர்நாடி.

வேலைக்காக உயர்த்தியவர்களும் இருக்கிறார்கள். கேமரன் மலையில் காய்கறித் தோட்டங்களுக்குள் பழைய லேண்ட் ரோவர்கள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு, அவற்றின் டயரில் ஒட்டியிருக்கும் மண்ணே போதுமான நியாயம். பாலிக் பூலாவில் டுரியான் தோட்டம் வைத்திருப்பவர் மழையில் நனைந்த செங்குத்தான மண்பாதையில் பழக்கூடையோடு இறங்க வேண்டும். அவருக்கு நல்ல பிடிமானமுள்ள டயரும் அடிப்பக்கத் தகடும் தேவைதான். ஆனால் மலைச் சரிவில் இன்னொரு விஷயம் உண்டு. தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்குக் கொடிமலைக்கு ஏறும் சுமார் 5 கிலோமீட்டர் ஜீப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இறங்கும்போது வண்டியைத் தாங்குவது பிரேக்கைவிடத் தாழ் கியரில் இன்ஜின் தரும் பிடிப்பு. டயர் 7 விழுக்காடு பெரிதானால் அந்தப் பிடிப்பும் அதே அளவு தளரும். கியர் விகிதத்தை மாற்றாமல் டயரை மட்டும் பெரிதாக்கியவர், ஏறுவதற்கென்று நினைத்து இறங்குவதைக் கெடுத்துக்கொள்கிறார். அந்தப் பாதை 2017 நவம்பரில் மண்சரிவால் துண்டானபோது எந்த வண்டியும் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டொரோண்டோ பக்கம் இருக்கும் நம் சொந்தக்காரர்களில் சிலர் குளிர்காலத்தில் பிக்கப்பின் முன்னால் பனித்தள்ளி மாட்டி, வீட்டு வாசல்களைச் சுத்தம் செய்து சம்பாதிப்பதுண்டு. பல நூறு கிலோ எஃகை வண்டியின் மூக்கில் தொங்கவிடுவது அது. வண்டியைப் பார்த்தால் நம் புல் பாரும் வின்ச்சும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே அமெரிக்கப் பிக்கப் தயாரிப்பாளர்கள் தள்ளி மாட்டப்போகும் வண்டிக்கென்றே கனமான முன் ஸ்பிரிங்கோடு தனித் தொகுப்பு விற்கிறார்கள். பனி உருகியதும் தள்ளியைக் கழற்றி வைத்துவிடுவார்கள். வேலை முதலில், வண்டி அதற்குப் பிறகு. இங்கே பலரும் வண்டியை முதலில் செய்துவிட்டு, அதற்கான வேலையை வெள்ளம் கொண்டு வரும் என்று காத்திருக்கிறோம். பாரம் மட்டும் ஆண்டு முழுதும் மூக்கில் தொங்குகிறது.

பிக்கப்பாவது சட்டகத்தின் மேல் கட்டிய வண்டி. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது குடும்ப எஸ்யூவிகளை உயர்த்துவது. 2019இல் வந்த பெரோடுவா ஆருஸ், ஏழு பேர் உட்காரும் வண்டி, தரையிடைவெளி 220 மில்லிமீட்டர். 1.5 லிட்டர் இன்ஜின், பின்சக்கர இயக்கம் மட்டுமே. ஸ்பேசர் வைத்து உயர்த்திப் பெரிய டயர் போட்டாலும் அதற்கு நான்கு சக்கர இயக்கம் வந்துவிடாது. சேற்றில் அது நிற்கும் இடத்தில் நிற்கும். ஏழு பேரோடு மலையேறும்போது சிறிய இன்ஜின் திணறும். உருவத்தை நம்பி ஒருவர் குடும்பத்தோடு நீரில் இறங்கினால் என்ன செய்வது என்ற பயம் எனக்கு உண்மையிலேயே உண்டு.

சட்டப்படி, வண்டியின் அமைப்பை மாற்றச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டின் வாகன அமைப்பு விதிகளும் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்திடமும் மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் உயர்த்திய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுக்கு அலைய வேண்டி வரும். அதே காப்பீட்டில் வெள்ளத்துக்கான சிறப்பு ஆபத்துப் பிரிவு பொதுவாகக் காப்பீட்டுத் தொகையில் அரை விழுக்காட்டுக்குள் கிடைக்கிறது, 80,000 ரிங்கிட் வண்டிக்கு அதிகம் போனால் 400. டீசலும் மலிவாக இல்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஒரே இரவில் போனபோது, கனமான டயர் உருட்டுகிறவர்கள்தான் முதலில் உணர்ந்தார்கள்.

தம்பியிடம் இதையெல்லாம் ஒரே நாளில் சொல்லவில்லை. கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். அவன் மூன்று மாதம் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் புல் பாரையும் வின்ச்சையும் கழற்றினான். டயரைப் பழைய அளவுக்கே, ஆனால் ஈரத்தில் பிடிக்கும் ஆல்-டெரெய்ன் வகையாக மாற்றினான். மூச்சுக்குழாய்களை மேலே நீட்டினான். லிஃப்ட் கிட் இன்னும் இருக்கிறது. "அத மட்டும் விட்ருங்க அக்கா" என்கிறான். ஒரு பக்கத்துக்கு அரை அடி தாழ்வான கூடுதல் படி வைத்துக் கொடுத்திருக்கிறான், அம்மாவுக்காக. மழை இருட்டிக்கொண்டு வரும் மாலைகளில் கைப்பேசியில் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு, நீர் ஏறுவதற்கு முன்பே வண்டியை அடுக்குமாடி நிறுத்தத்தின் மூன்றாவது மாடியில் விட்டுவிட்டு நடந்து வருகிறான்.