நாலு மச்சம்

புனே பக்கத்து நிக்டி பிராதிகரணில் ஆடி மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. அப்படியொரு மத்தியானம் மடிக்கணினியில் ‘நிதானய’ படத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். நிதானய என்றால் சிங்களத்தில் புதையல். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, இவ சிவாஜி கூட நடிச்ச சிலோன்காரில்லா?”

அவரேதான், மாலினி பொன்சேகா. 1978 தீபாவளிக்கு வந்த ‘பைலட் பிரேம்நாத்’தை அம்மா திருநெல்வேலியில் பார்த்திருக்கிறாள். பிள்ளைகளில் ஒன்று உங்களுடையது இல்லை என்று கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகும் மனைவி வேடம். கதையைக் கிளப்பிவிட்டு அவர் போய்விடுவார், மிச்சப் படம் முழுக்க சிவாஜி. எம்.எஸ்.வி. இசையில் டூயட் உண்டு, பார்க்க லட்சணமாக இருப்பார், அத்தோடு சரி. நம் ஆட்களுக்கு இவரை இந்த ஒரு படத்தால்தான் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை. அதே 1978இல் தர்மசேன பத்திராஜவின் ‘பம்பரு அவித்’தில், கற்பிட்டிக் கடற்கரை மீனவக் குடியிருப்பில், வேறொரு மாலினி இருக்கிறார். (அதற்கு முந்தின ஆண்டு யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை எடுத்தவரும் இதே பத்திராஜதான்.)

நிதானயவுக்கு வருகிறேன். ஜி. பி. சேனாநாயக்கவின் சிறுகதையை லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்து, 1972இல் திரைக்கு வந்த கறுப்பு வெள்ளைப் படம். வில்லி அபேநாயக்க, நொடித்துப்போன பெரிய வீட்டுக்காரன். காமினி பொன்சேகா செய்திருக்கிறார். பூதம் காக்கும் புதையலை எடுக்க, கழுத்தில் நாலு மச்சம் உள்ள பெண்ணைப் பலி கொடுக்க வேண்டும். மாலினி நடித்த ஐரினின் கழுத்தில் அந்த நாலும் இருக்கின்றன. கட்டிக்கொள்கிறான்.

இதெல்லாம் நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது, ஏனென்றால் படமே அவனுடைய வாக்குமூலம். தெரியாதவள் ஐரின் ஒருத்திதான். இங்கேதான் மாலினியின் வேலை ஆரம்பிக்கிறது. கதை முழுக்கத் தெரிந்த நடிகை, அது துளியும் தெரியாத பெண்ணாக இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். வேறு யாராவது என்றால் நடுவில் ஒரு தடவையாவது காரணமில்லாமல் திடுக்கிட்டு, பின்னால் வரப்போவதற்கு ஒரு கோடி காட்டியிருப்பார்கள். மாலினி காட்டவே இல்லை. புதுப்பெண்ணுக்குள்ள கூச்சம், பெரிய வீட்டுக்குள் காலடியை அளந்து வைக்கும் தயக்கம், புருஷன் முகம் வாடினால் வருகிற கவலை, இவ்வளவுதான். அவர் சிரிக்கச் சிரிக்க நமக்கு அடிவயிறு கலங்குகிறது. எங்கள் ஊர்க் கொடையில் கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பட்ட குளிரில் அது தலையைச் சிலுப்பும். சாமி உத்தரவு கொடுத்தாயிற்று என்பார்கள். ஐரினின் சிரிப்பு அந்தச் சிலுப்பல்தான்.

இன்னொன்றும் கவனித்தேன். நமக்கு மச்சம் தெரிந்துவிட்டதால், அவர் முகத்தைவிட்டுக் கண் கழுத்துக்கே போகிறது. அவர் திரும்பும்போதெல்லாம் நாமும் வில்லியைப் போல அந்த இடத்தைத்தான் தேடுகிறோம். கொலைகாரன் கண்ணை நமக்கு மாட்டிவிட்டு, மாலினி பாட்டுக்கு நிம்மதியாக முதுகைக் காட்டி நிற்கிறார்!

‘பெத்தேகம’ (1980) இதற்கு நேர் எதிர்த் திசை. ஹம்பாந்தோட்டையில் அதிகாரியாக இருந்த லெனார்ட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல்தான் கதை. இயக்கம் மறுபடி லெஸ்டர். வுல்ஃபாக நடித்தவர் விஞ்ஞானக் கதை ஆர்தர் சி. கிளார்க். மாலினிக்குக் காட்டோரக் கிராமத்துப் புஞ்சி மெனிக்கா. ஐரினின் பதவிசு இவளிடம் மருந்துக்கும் கிடையாது.

மாலினி 1947இல் பிறந்தவர், மேடையிலிருந்து ‘புஞ்சி பபா’ (1968) வழியாகத் திரைக்கு வந்தார். நூற்றுக்கு மேல் படங்கள். தாமே படம் இயக்கினார், தொலைக்காட்சித் தொடரும் இயக்கினார், 2010இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். பட்டியல் நீளம், நான் அதில் நிற்கப்போவதில்லை. ‘ஆகாச குசும்’ (2008) மட்டும் சொல்ல வேண்டும். ஆகாயத்தில் பூத்த பூ, நம் ஆகாயத்தாமரை மாதிரி. பிரசன்ன விதானகேயின் படம். மார்க்கெட் போன நட்சத்திரம் சந்தியா ராணி, சினிமாக்காரர்கள் ரகசியமாகச் சந்தித்துக்கொள்ள வீட்டில் அறை வாடகைக்கு விடுகிறாள். அறுபது வயதில், ‘சிங்கள சினிமாவின் ராணி’ என்று ஊரே கொண்டாடிய ஒருவர் இந்த வேடத்துக்குத் தலையாட்டியதே பெரிது. அதிலும் இரக்கம் கேட்டு நம்மைப் பார்க்கவில்லை என்பது அதைவிடப் பெரிது.

2025 மே 24 அன்று காலமானார். அரச மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள்.

நிதானயவில் கடைசிப் பகுதி வந்தபோது அம்மாவின் கையில் வெங்காயம் பாதி உரித்தபடி நின்றுவிட்டது. ஒரு வார்த்தை சிங்களம் தெரியாது. கீழே ஓடிய ஆங்கில எழுத்தையும் படிக்கவில்லை. படம் முடிந்து திரை இருண்ட பிறகு, “ஏட்டி, முதல்ல அந்த மச்சத்தைக் காட்டுவான்லா, அதை இன்னொரு தரம் போடு” என்றாள்.